வந்த கிணற்றிலேயே விடவேண்டும்

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. குடிநீர் என்று அதற்கு மேலே போட்டிருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் தாதிப் பிள்ளை என் மகனிடம் கேட்டாள்.

"என்ன தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணி. அம்மா வடிச்சுத் தருவா."

"வடிச்சோ? என்னத்தால?"

"துணியால."

அவள் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, இளம் பிள்ளையின் சிரிப்பு. "அம்மா, துணியில தும்பு தூசிதான் நிக்கும். மற்றதெல்லாம் உள்ளுக்குப் போயிடும்" என்றாள். கட்டத்தில் கிணறு என்று மட்டும் எழுதினாள். துணியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பிறத்தி ஆக்களுக்கு முன்னால் எனக்குக் கதை வராது. வந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்: பிள்ளை, நான் வடித்தது எங்களுக்காக இல்லை, தண்ணீருக்குள் இருக்கிறதுகளுக்காக.

சொல்லாமல் விட்டது நல்லது. பக்கத்துக் கதிரையில் இருந்த என் மகனுக்கு இரண்டு கிட்னியும் ஏறக்குறைய நின்றுவிட்டது என்று அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் டொக்டர் சொல்லியிருந்தார்.

இந்த வடிக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும்.

மகனுக்கு மூன்று வயதில் சண்டைக்குத் தப்பி வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனோம். வந்தவாசிப் பக்கம் ஒரு அகதி முகாமில் எங்களை விட்டார்கள். போன இரண்டாம் வருடம் மகனுடைய தகப்பன் காய்ச்சலில் போய்விட்டார். முகாமிலிருந்து வயல் வரம்பால் நடந்தால் ஒரு ஊர் வரும். அங்கே ஒரு தெரு முழுக்க நயினார் வீடுகள். நயினார் என்றால் தமிழ்ச் சமணர்கள். எங்களைப் போலத் தமிழ் கதைக்கிற, எங்களைப் போல நெல் விதைக்கிற சனங்கள்தான். தெருவின் முடிவில் அவர்களுடைய ஜினாலயம் இருந்தது. உள்ளே சாமி உடுப்பு இல்லாமல், நகை இல்லாமல், ஒன்றும் கேட்காமல், ஒன்றும் தராமல் இருக்கும்.

சமணர் என்ற சொல்லை அதற்கு முன் ஒரேயொரு இடத்தில்தான் கேட்டிருந்தேன், ஐந்தாம் வகுப்புச் சமய பாடத்தில். அந்தப் பாடத்தில் அவர்கள் வாதத்தில் தோற்றுக் கழுவில் ஏறுவார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் அந்த வகுப்போடுதான். ஆகையால் என் மனதில் அவர்கள் அப்படியே கழுவில் நின்றார்கள். வேலை கேட்டு அந்தத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றபோது, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து முதலில் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?" என்று. எனக்கு அந்தப் பாடம் ஞாபகம் வந்து வெட்கமாய்ப் போய்விட்டது.

அவவை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவவுடைய புருசன் தமிழ் வாத்தியார், அவரை ஐயா என்பேன். எனக்குத் தந்த முதல் வேலை தண்ணீர் இறைப்பது. குடத்தின் வாயில் தடித்த வெள்ளைத் துணியை இரண்டாய் மடித்துப் போட்டு, அதன் மேல் வாளியைச் சரித்து ஊற்றச் சொன்னா. ஊற்றினேன். முடிந்ததும், எந்தப் பெண்ணும் செய்கிற மாதிரி, துணியை எடுத்துப் பிழிந்து நிலத்தில் ஒரு உதறு உதறினேன்.

அக்கா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தா. என்னை ஏசிப் பேசவில்லை. உதறின இடத்தில் குந்தி ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தா, ஏதோ தவறி விழுந்ததைத் தேடுகிற மாதிரி.

"பிழியக்கூடாதும்மா. உதறக்கூடாது. துணியைத் திருப்பிப் போட்டு, வடிச்ச தண்ணியையே மேல ஊத்தி, அதுங்களைச் செம்புல இறக்கணும். அப்புறம் செம்பைக் கிணத்துல விடணும்."

"எதுகளை அக்கா?"

"கண்ணுக்குத் தெரியாததுங்களை."

அதற்கென்று ஒரு சின்னச் செம்பு இருந்தது. வாயில் ஒரு கயிறு, அடியில் ஒரு கயிறு. வாய்க் கயிற்றில் தண்ணீர் மட்டம் வரை இறக்கிவிட்டு, அடிக் கயிற்றை இழுத்தால் செம்பு மெல்லச் சரியும். மேலிருந்து ஊற்றினால் விழுந்த வேகத்தில் அதுகள் செத்துப்போகும் என்றா. ஒரு கிணற்றில் எடுத்ததை இன்னொரு கிணற்றிலும் விடக்கூடாது. நல்ல தண்ணீரில் பிறந்தது உப்புத் தண்ணீரில் பிழைக்காது. "வந்த கிணத்துலயேதான் விடணும். அதுங்க வீடு அது."

நான் அழுதேன். அன்றைக்குக் காலைதான் முகாமில் எங்களை வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணியிருந்தார்கள். அழுததை மறைக்க வெங்காயம் உரித்தேன் என்று சொல்லவும் வழியில்லை. அந்த வீட்டில் வெங்காயமே வாங்குவதில்லை.

இருபது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் வேலை செய்தேன். பொழுது படுமுன் அவர்கள் சாப்பிடுகிறபோது நானும் சாப்பிட்டேன், மகனும் அங்கேயே சாப்பிட்டு வளர்ந்தான். ஐயா ஊர் ஊராகப் போய்ச் சமண வீடுகளில் கிடந்த பழைய ஏடுகளை வாங்கிவந்து, வாசித்து, கொப்பியில் எழுதுவார். ஏடு துடைப்பது என் வேலை. பூச்சியைக் கொல்லக்கூடாது. மெல்லிய தூரிகையால் சிரட்டைக்குள் தட்டி வேலியோரம் கொண்டுபோய் விடவேண்டும். உயிரைக் கொல்லாதே என்று எழுதியிருக்கிற ஏட்டைத்தான் அது தின்றிருக்கும். ஐயா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் சமணத்தியாக மாறவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவள்தான். ஒருவரும் என்னை மாறச் சொல்லவுமில்லை. வடிக்கிறதும், பொழுது பட்டபின் ஒன்றும் வாயில் வைக்காததும் மட்டும் என்னோடு ஒட்டிவிட்டன.

சண்டை முடிந்து சில வருடத்தில் திரும்பி வந்தோம். அக்கா புதுத் துணி ஒன்றை மடித்துத் தந்தா. "உங்க ஊர்க் கிணத்துக்கு" என்றா. செம்பையும் தந்தா.

வவுனியாப் பக்கம் பூவரசங்குளத்துக்குக் கிட்ட மகனுடைய தகப்பனின் காணி காடாய்க் கிடந்தது. கிணறு பாதி தூர்ந்திருந்தது. மகன்தான் இறங்கி வெட்டினான். முதல் வாளித் தண்ணீரைத் துணியில் ஊற்றி, செம்பைக் கட்டி இறக்கினபோது, பார்க்க வந்த அயலட்டைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"என்னணை செய்யிறியள்? கிணத்துக்கு நேர்த்தியோ?"

"இல்லை, புழுக்குஞ்சுகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புறா போல" என்றாள் இன்னொருத்தி.

அன்றிலிருந்து எனக்கு வடிதுணி அம்மா என்று பெயர். நல்ல மனதோடுதான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் செய்வதை விளங்கக்கூடிய ஒரு ஆள் வவுனியா முழுக்கத் தேடினாலும் கிடையாது. ஏனென்று எனக்கு எடுத்துச் சொல்லவும் வாய் வராது. மகன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆகையால் இந்தப் பழக்கத்துக்கு இந்த மண்ணில் நாங்கள் இரண்டு பேர்தான் ஆள்.

மகன் நெல்லும் மிளகாயும் செய்தான். கலியாணம் கட்டினான். மருமகளுடைய ஆக்கள் மலையகத்தில் தேயிலை எடுத்துவிட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டினவர்கள். அவள் உழைப்பாளி, சுருக்கென்று கதைக்கிற பிள்ளை. அவள் வயிற்றில் பிள்ளை வந்தபோது மருத்துவிச்சி அம்மா வந்து, இந்தப் பக்கத்துக் கிணறு எல்லாம் கல்சியம், கர்ப்பிணியள் ஃபில்டர் தண்ணிதான் குடிக்கவேணும் என்று சொல்லிவிட்டுப் போனா. சந்தியில் அப்போதுதான் ஒரு ஃபில்டர் தண்ணி நிலையம் திறந்திருந்தார்கள். சனம் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு போகும்.

நானும் ஒரு நாள் பார்க்கப் போனேன். முன்பக்கம் மாபிள் பதித்து, குழாய் பூட்டி, வடிவாய் இருந்தது. நான் பின்பக்கம் போனேன். அங்கே சுவருக்குள்ளிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, வேண்டாம் என்று கழித்த தண்ணீரைச் சரளை மண்ணில் விட்டுக்கொண்டிருந்தது. குடிக்கிற தண்ணீரைவிட அது கூட. பத்தரை மணி வெயில். ஊற்ற ஊற்றக் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா குந்தியிருந்து பார்த்த ஈர மண்ணின் ஞாபகம் வந்தது. அங்கே நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"அந்தத் தண்ணி இந்த வீட்டுக்கு வேண்டாம் பிள்ளை" என்று மருமகளிடம் சொன்னேன்.

"ஏன் மாமி?"

"பின்னுக்கு ஒரு குழாயால கழிச்சு வெயில் மண்ணில விடுறாங்கள். அதுக்குள்ள எத்தினை உயிர் கிடக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். கையை வயிற்றில் வைத்தாள்.

"மாமி, இதுக்குள்ளயும் ஒரு உயிர் கிடக்குது."

அடுத்த நாள் அவள் தானே சந்திக்குப் போய்க் கேன் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து எங்கள் குசினியில் இரண்டு குடம். அலுமினியக் குடம் அவளது, மண் குடம் எனது. பேத்தி பிறந்த பிறகும் அப்படியே. பேத்திக்கு அலுமினியக் குடம்தான்.

கேன் வந்த அன்று மகன் வயலிலிருந்து வந்து இரண்டு குடத்தையும் பார்த்தான்.

"என்ன இது, ரெண்டு கட்சியோ? நான் எதுக்கு வோட்டுப் போட?"

"உங்கட உடம்பு, உங்கட விருப்பம்" என்றாள் மருமகள்.

அவன் சிரித்துக்கொண்டு மண் குடத்தில் அள்ளினான். "சின்னனில இருந்து அம்மா வடிச்சுத் தந்த தண்ணி. இண்டைக்கு மாத்தினா விக்கும்."

"அம்மாப்பிள்ளை!" என்று அவள் அகப்பையால் அவன் தோளில் ஒன்று போட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு வந்த சந்தோசம் முகத்தில் தெரியக்கூடாதென்று. அவன் என் குடத்தை எடுத்தான். அவளுடையதை எடுக்கவில்லை. அந்தச் சந்தோசத்தை இங்கே எழுதாமல் விட்டால் நான் எழுதுவதெல்லாம் பொய்.

எட்டு வருடம் அவன் என் குடத்தில் குடித்தான். பிறகு கால் வீங்கியது, முகம் ஊதியது, சாப்பாடு பிடிக்கவில்லை. வவுனியாவுக்கு பஸ்ஸில் போனோம். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். மருமகள் பிள்ளையோடு வீட்டில் நின்றபடியால் டொக்டரிடம் நான்தான் அவனோடு போனேன்.

"வயலுக்கு மருந்தடிக்கிறனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

மகன் நிலத்தைப் பார்த்தான்.

"ஓம், டொக்டர்."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் கட்டின நாள் தொட்டு." கொஞ்சம் பொறுத்து, "அம்மாவுக்குத் தெரியாது" என்றான். நான் அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப தெரிஞ்சிட்டுது" என்றார்.

ஒவ்வொரு நாளும் வயலால் வரும்போது குளத்தில் குளித்துவிட்டுத்தான் வருவான். எவ்வளவு சுத்தமான பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து மணத்தைக் கழுவிவிட்டு வந்திருக்கிறான். மருந்து டாங்கியைச் சிநேகிதன் வீட்டில் வைத்திருக்கிறான். பூச்சியைக் கொல்வது எனக்குத் தெரிந்தால் நான் தாங்கமாட்டேன் என்று எட்டு வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறான்.

அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறுதல் வந்தது. அப்படியென்றால் மருந்தால்தான், என் தண்ணீரால் இல்லை என்று மனம் ஒரு நொடி பாய்ந்தது. மகன் சாகக்கிடக்கிறான் என்று சொன்ன அதே அறையில், அதே கதிரையில், எனக்கு ஆறுதல் வந்தது. பிறகு அதை நினைத்து உடம்பு கூசியது.

"அப்ப மருந்தாலயோ ஐயா?" என்று மெல்லக் கேட்டேன்.

"சொல்லேலாது அம்மா. தண்ணியாயும் இருக்கலாம், மருந்தாயும் இருக்கலாம், வெயிலுக்க நிண்டு வேலை செய்யிறதாயும் இருக்கலாம். இந்தப் பக்கத்தில கன பேருக்கு வருது. ஏனெண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது."

என்னையும் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னார். அதே கிணறு, அதே குடம், அதே துணி. எனக்கு ஒன்றுமில்லை. இந்த வயதுக்கு நல்ல கிட்னி அம்மா என்று தாதிப் பிள்ளை சந்தோசமாய்ச் சொன்னாள். அதைக் கேட்டதும் நான் ஆக்களுக்கு முன்னால் ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்தேன். திரும்பவும் டொக்டரின் அறைக்குள் தனியே போய், நின்றபடியே, "என்ர ஒண்டை எடுத்து அவனுக்கு வையுங்கோ" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே வரிசையில் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. டொக்டர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். வயது கூடிவிட்டது, எனக்குச் சீனி வருத்தமும் கொஞ்சம் இருக்கிறது, எடுக்கமாட்டார்கள் என்று பொறுமையாய் விளங்கப்படுத்தினார். பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம் என்றார். காத்திருக்கிற பெயர்கள் எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கிழமைக்கு இரண்டு நாள் மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். மெஷினில் படுக்கவைத்து, இரத்தத்தை வெளியே எடுத்து, வடித்து, திரும்ப உள்ளே விடுகிறார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்ப்பேன். அவனுடையதை அவனுக்கே திரும்ப விடுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனம் ஆறும். ஆனால் வடித்து எடுத்த கழிவு ஒரு குழாயால் போகிறது. எங்கே போகிறது என்று பார்க்க நான் எழும்பிப் போகவில்லை. குழாய்களின் பின்பக்கம் போய்ப் பார்த்தது போதும்.

மருமகள் என்னை ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் சுகமாய் இருந்திருக்கும். ஒருநாள் உடுப்புத் தோய்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள், "மாமி, உங்களை நான் பேசமாட்டன். பேசினா அவர் தாங்கமாட்டார்." நான் "ஓம் பிள்ளை" என்றேன். இரண்டு பேரும் அந்த உடுப்பைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம்.

அக்காவிடம் கேட்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. பேத்திதான் வாட்ஸ்அப்பில் எடுத்துத் தந்தாள். அக்காவின் முகம் வந்தது. பல் எல்லாம் போய்விட்டது. முதலில் அவவுடைய கவலையைத்தான் சொன்னா. தெருவில் பாதி வீடு பூட்டு. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில். ஜினாலயத்துக்குப் பூசை செய்கிறவர் பக்கத்து ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, அவசரமாய் அபிசேகம் செய்துவிட்டு, அடுத்த ஊருக்கு ஓடுகிறார். மகாவீரர் பிறந்த நாளுக்குத்தான் கார்கள் வரும்.

"ஆபீசு விட்டு வர்றதே எட்டு மணி. பொழுதோட சாப்பிடுன்னா யாரு சாப்பிடுவா? ஐயா இப்ப ஞாயித்துக்கிழமை போன்ல பாடம் எடுக்கறாரு. ஆறு பேரு வர்றாங்க. அதுல மூணு பேரு படத்தை அணைச்சுட்டுத் தூங்கறாங்க."

"ரெண்டு பேரு!" என்று பின்னாலிருந்து ஐயாவின் குரல் கேட்டது.

அவர் ஏடு பார்த்து எழுதின கொப்பிகள் இரண்டு அலுமாரி நிறைய இருக்கின்றனவாம். யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லையாம். பூச்சி தட்டத்தான் நீ இல்லையே என்றா அக்கா.

பிறகு நான் என் கதையைச் சொன்னேன். கிணறு, இரண்டு குடம், மகன், மருந்து எல்லாம். ஐயாவுக்குக் காது மந்தம், அவருக்கு வேண்டியது மட்டும்தான் கேட்கும். அக்கா ஒவ்வொன்றாய் அவருடைய காதில் கத்திச் சொன்னா. என்னுடைய இரகசியத்தை அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்க ஆள் இருந்தால்.

ஐயா போனை வாங்கினார். "உழவன் பூச்சியைக் கொல்றது தொழில் வகை. இல்லறத்தானுக்கு அது முழுசா விலக்கு இல்ல. கொலையில நாலு வகை உண்டும்மா. வேணும்னே செய்யறது ஒண்ணு. வீட்டு வேலையில நடக்கறது ஒண்ணு..." குரலில் ஒரு தெம்பு வந்துவிட்டது. கன காலத்துக்குப் பிறகு ஒரு ஆள் கேள்வி கேட்ட சந்தோசம்.

"அவ பையனைப் பத்திக் கேக்கறா. நீங்க பாடம் நடத்தறீங்களே" என்று அக்கா அதட்டினா.

ஐயா பாடத்தை அங்கேயே விட்டார். "தாய் பிள்ளைக்குத் தண்ணி குடுத்தது எந்த வகைன்னு நான் எங்கயும் படிச்சதில்லம்மா" என்றார். பிறகு என்னை ஆற்றவேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும். "வினைங்கிறது தூசி மாதிரி. காஞ்ச சுவர்ல பட்டா நிக்காது, விழுந்துடும். சுவர் பிசுக்கா இருந்தாத்தான் ஒட்டும். ஆசை, கோபம், செருக்கு, இதுதான் பிசுக்கு. நீ தெரியாம செஞ்சது. கவனமா செஞ்சது. உனக்கு ஏது பிசுக்கு? ஒட்டாது, போ."

மகன் என் குடத்தில் அள்ளின அன்றைக்கு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கவனமாய் இருந்தேன் என்பது உண்மை. கண்ணுக்குத் தெரியாததுகளில் கவனமாய் இருந்தேன். கண்ணுக்கு முன்னால் நின்றவன் என் குடத்தை எடுத்ததில் வெற்றி கொண்டாடினேன். இதை ஐயாவுக்குச் சொன்னால் அக்கா அவருடைய காதில் கத்தவேண்டும்.

"ஓம் ஐயா" என்றேன். போனைப் பேத்தியிடம் கொடுத்தேன்.

நான் இன்னும் வடிக்கிறேன். என் ஒருத்தி வாய்க்குத்தான். மகனுக்கு இப்போது ஃபில்டர் தண்ணியும் அளவுதான். மருமகள் ஒரு போத்தலில் நூல் கட்டி வைத்திருக்கிறாள். ஒரு நாளைக்கு அந்த நூல் மட்டம். அதற்கு மேல் குடித்தால் நெஞ்சில் நீர் கோக்கும். சித்திரை வெயிலில் அவன் அந்தப் போத்தலைக் கையில் பிடித்து நூலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

போன கிழமை, மெஷினில் விட்டுக் கூட்டிவந்த அடுத்த நாள், பின்னேரம். மருமகள் பேத்தியை வகுப்பிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். அவன் மாமரத்துக்குக் கீழே சாக்குக் கட்டிலில் கிடந்தான். என்னைக் கூப்பிட்டான்.

"அம்மா, நாக்கு ஒட்டுது. எங்கட கிணத்துத் தண்ணி ஒரு மிடறு தாங்கோ."

"போத்திலில இன்னும் கிடக்கெல்லோ தம்பி."

"அதில ஒரு சுவையும் இல்லையணை. இரும்பை நக்கின மாதிரி. எங்கட தண்ணி தாங்கோ."

"டொக்டர் வேண்டாமெண்டவர்."

"ஒரு மிடறால இனி என்ன வரப்போகுது?" என்றான். கோபமாய் இல்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

குசினிக்குள் போனேன். இரண்டு குடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. என் மண் குடத்தில் அரை நாழிகைக்கு முன் வடித்த தண்ணீர், தொட்டால் குளிரும். அவன் கேட்டது அதைத்தான். அவனுக்கு என்னிடமிருந்து வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் தண்ணீர் குடிக்கிற பேணியை எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கை மண் குடத்துக்குப் போனது. திரும்பி வந்தது. கடைசியில் மருமகளின் குடத்தில் பாதிப் பேணி அள்ளினேன். அதைக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்து, "இந்தா, எங்கட கிணத்துத் தண்ணி" என்றேன்.

கொல்லக்கூடாது என்பதற்கு அடுத்ததாக அக்கா வீட்டில் பொய் சொல்லக்கூடாது. அத்தனை வருடத்தில் நான் அங்கே ஒரு பொய் சொன்னதில்லை.

அவன் ஒரு மிடறு எடுத்தான். உடனே விழுங்கவில்லை. வாய்க்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிறகு விழுங்கினான். "இதுதான் தண்ணி" என்றான்.

பிறந்த நாளிலிருந்து தண்ணீர் சுவை தெரிந்த பிள்ளை. நாக்குச் செத்துத்தான் அப்படிச் சொன்னானோ, தெரிந்துகொண்டு எனக்காகச் சொன்னானோ. எட்டு வருடம் குளத்தில் குளித்துவிட்டு வந்தவன்.

நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேணியை நீட்டினான். "இதுக்கு மேல குடிச்சா அவள் நூலை இறக்கிக் கட்டிப்போடுவாள். மிச்சத்தைக் கிணத்தில விடுங்கோ அம்மா. மேலால ஊத்தாதேங்கோ" என்று, சின்னப் பிள்ளையில் அக்கா வீட்டில் சொல்லித் தந்ததைச் சொன்னான்.

செம்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவன் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேணித் தண்ணீரைச் செம்பில் ஊற்றப் போன கை நின்றுவிட்டது. இது இந்தக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. எந்தக் கிணற்றில் எடுத்து, எந்த மெஷினுக்குள்ளால் வந்ததோ. இதற்குள் உயிர் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதோ இல்லையோ. வந்த இடம் தெரியாததை எந்த இடத்தில் விடுவது? நிலத்தில் ஊற்றினால் அந்தப் பின்பக்கக் குழாய் செய்ததை நானும் செய்தவளாவேன். நானே குடித்துவிடலாம் என்று வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அதற்குள் சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்கிவிட்டது. பொழுது பட்டால் நான் தண்ணீர் வாயில் வைப்பதில்லை.

வெறும் செம்பைக் கயிற்றில் இறக்கி, சரித்து, மேலே எடுத்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தபடியால்.

அந்தப் பேணியை முந்தானைக்குள் மறைத்துக் குசினிக்குக் கொண்டுவந்து, தட்டால் மூடி, மண் குடத்துக்குப் பின்னால் வைத்தேன். விடிந்த பிறகும் குடிக்க மனம் வரவில்லை, இன்றைக்கு ஐந்து நாளாகிறது. காலையில் வடிக்கப் போகிறபோது ஒரு தரம் தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். கொஞ்சமும் குறையவில்லை. மருமகளும் கண்டிருப்பாள், அதை அந்த இடத்திலேயே விட்டிருக்கிறாள். நாளைக்கு மெஷின் நாள், விடிய முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டும்.